நம்ம குமரிக்கடலில் கோடு போட்டது யார்? தென்சீனக் கடலில் இருந்து உவரி வரைக்கும் ஒரு பேச்சு

ராதாபுரத்து வாத்தியார்

பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் தென்சீனக் கடல் பாடம். 2016 ஜூலை 12-ல் ஹேக்கில் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சீனா தன் வரைபடத்தில் ஒன்பது துண்டாகக் கோடு போட்டு, அதற்குள் வரும் கடல் பரம்பரையாக என்னுடையது என்கிறதே, அதற்குக் கடல் சட்டத்தில் இடமில்லை என்று மன்றம் சொல்லிவிட்டது. சீனா வழக்குக்கே வரவில்லை, தீர்ப்பையும் ஏற்கவில்லை. இவ்வளவும் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான், இடிந்தகரைக்காரன். "சார், நம்ம கடல்ல கோடு எங்க இருக்கு? அதை யாரு போட்டா?" கச்சத்தீவைச் சொன்னேன். "அது ராமேசுவரம் சார், நம்ம ஊருக்கு நேரா எங்க இருக்கு?" என்று மறுபடி கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து படித்தேன். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையோடு நின்றுவிடுகிறது, கச்சத்தீவு அதில்தான் இலங்கைப் பக்கம் போனது. மன்னார் வளைகுடாவுக்குக் கோடு போட்டது 1976 மார்ச் 23-ல் கையெழுத்தான இரண்டாவது ஒப்பந்தம். நெருக்கடி நிலைக் காலம் அது. தமிழ்நாட்டு அரசைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சட்டமன்றமே இல்லை. 1974-க்காவது இங்கே சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு எதிர்த்தார்கள். 1976-ல் எதிர்க்கக்கூட ஆள் இல்லை. அதே ஒப்பந்தத்தை ஒட்டி எழுதிக்கொண்ட கடிதங்களில்தான், கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற பெரிய மீன்மேடு இந்தியாவுக்கு என்று முடிவானது. இலங்கைப் படகுகள் ஆறுக்கு மட்டும் உரிமம், மூன்று வருஷத்துக்கு, வருஷத்துக்கு 2000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது, அப்புறம் வரவே கூடாது என்று ஏற்பாடு.

என் கேள்வி இதுதான். இரண்டு கோட்டையும் போட்டது ஒரே ஆட்கள், இரண்டு வருஷ இடைவெளியில். வடக்கே அது ரத்தமாக இருக்கிறது, தெற்கே நம்ம பக்கம் அமைதியாக இருக்கிறது. ஏன்? கடலில் இறங்குகிறவர்கள், படித்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள், பையனுக்கு நான் பதில் கொண்டுபோக வேண்டும்.

நெல்லைச் சீமை

சார், வல்லான் வகுத்ததே வாய்க்கால். நடந்தது அவ்வளவுதான். சீனாவிடம் கப்பல் இருக்கிறது, தீர்ப்பு காகிதத்தோடு நின்றது. பிலிப்பைன்ஸ் 1999-ல் ஒரு பழைய போர்க்கப்பலைக் கொண்டுபோய் இரண்டாம் தாமஸ் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்து, துருப்பிடித்த அந்தக் கப்பலில் இன்றைக்கும் சிப்பாய்களை உட்கார வைத்திருக்கிறது. தீர்ப்பை மட்டும் நம்பினால் அதை ஏன் செய்ய வேண்டும்? 2002-ல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் சீனாவும் அந்தக் கடலில் நடந்துகொள்ளும் முறை பற்றி ஓர் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார்கள். கட்டுப்படுத்தும் விதிகளை அப்புறம் எழுதுவோம் என்றார்கள். இருபது வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், அதற்குள் அங்கே பவளத்திட்டை எல்லாம் மூடி ஓடுதளம் போட்டாகிவிட்டது. பிள்ளைகளுக்கு உள்ளதைச் சொல்லுங்கள்.

உவரிக்கரை

வாத்தியாரே, கோடு எங்களுக்குக் கண்ணில் தெரியாத சமாச்சாரம். ஜிபிஎஸ் வராத காலத்தில் எங்க அப்பா கரையில் இருக்கும் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து, இந்த இடத்தில் அடியில் பார், அதாவது கடலடிப் பாறை, கிடக்கிறது, இங்கே சீலா மீன் நிற்கும் என்று வலையை விடுவார். அவருக்கு எல்லை என்பது மலை மறையும் தூரம்தான். இப்போது நான் பைபர் வள்ளத்தில் அஞ்சு பேரோடு போகிறேன், கையில் கருவி இருக்கிறது, ஆனாலும் நாங்கள் போய்த் திரும்பும் தூரத்துக்கு இலங்கைக் கோடு குறுக்கே வருவதில்லை. இங்கே அமைதி என்று நீங்கள் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ராமேசுவரத்தில் கொஞ்ச நேரம் ஓடினாலே கோடு வந்துவிடும்.

ஆனால் அமைதி என்று மட்டும் எழுதாதீர்கள். எங்க சண்டை இலங்கைக்காரனோடு இல்லை, அவ்வளவுதான். மூணு வருஷத்துக்கு முன்னால் ராத்திரி விட்ட வலை காலையில் பாதிதான் இருந்தது. விசைப்படகு ஒன்று இருட்டில் மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எந்த ஊர்ப் படகு என்று இங்கே எழுத விரும்பவில்லை, அவர்களும் நம்ம ஆட்கள்தான். வலைக்கு வாங்கின கடனை இன்னமும் அடைக்கிறேன். கரையை ஒட்டின கடல் நாட்டுப்படகுக்கு என்று 1983-லேயே சட்டம் போட்டிருக்கிறது. அந்தக் கோட்டை யார் காவல் காக்கிறார்கள்? பையன் அதையும் சேர்த்துத்தான் கேட்டிருப்பான், இடிந்தகரைப் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்காது.

பாளை சட்டக்கல்லூரி

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று முடித்துவிடாதீர்கள், நெல்லைச் சீமை அண்ணாச்சி. வங்கக் கடலைப் பாருங்கள். இந்தியாவும் வங்கதேசமும் 1970-களில் இருந்து மல்லுக்கட்டின. ஹரியாபங்கா ஆற்று முகத்தில் 1970 புயலுக்குப் பிறகு ஒரு மணல்திட்டு மேலே வந்தது. நாம் நியூ மூர் என்றோம், அவர்கள் தென் தல்பட்டி என்றார்கள், இந்தியா கப்பல் அனுப்பிக் கொடியும் நட்டது. அப்புறம் அந்தத் திட்டு கடலுக்குள்ளேயே போய்விட்டது. சண்டை மட்டும் மிஞ்சியது. 2014 ஜூலை 7-ல் ஹேக் நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. யார் வல்லான்? இந்தியாதானே! ஆனாலும் ஏற்றுக்கொண்டது. அதே வங்கதேசம் 2012-ல் மியான்மரோடும் இப்படியே தீர்ப்பாயம் போய் முடித்துக்கொண்டது. அந்தக் கடலில் இன்றைக்குக் கோட்டுக்காகப் பீரங்கி காட்டுகிறவர் யாரும் இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், பெரியவன் மனசு வைத்தால்தான் தீர்ப்பு நிற்கும். ஆனால் மனசு வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. தகராறு கிடக்கும் கடலில் எண்ணெய் தேட எந்தக் கம்பெனியும் பணம் போடாது. அண்டை வீட்டோடு தீராத வழக்கு வைத்துக்கொண்டு வேறு எதையும் பேச முடியாது. நம்ம ஊர் வரப்புத் தகராறு போலத்தான், வாய்தா வாய்தா என்று இழுத்தால் இரண்டு பக்கமும் பயிர் வைக்க முடியாது.

கப்பல் அண்ணாச்சி (தூத்துக்குடி)

முப்பது வருஷம் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தவன், தென்சீனக் கடலை எத்தனை முறை தாண்டினேன் என்று கணக்கில்லை. ராத்திரி டெக்குக்கு வந்தால் வெளிச்சம் போட்ட மீன்பிடிப் படகு நம்ம ஊர்த் தேரோட்டத் தெரு மாதிரி வரிசையாக நிற்கும். வியட்நாம் படகா, சீனப் படகா, பிலிப்பைன்ஸ் படகா என்று நமக்குத் தெரியாது. எல்லாரும் மீனுக்கு நிற்கிறார்கள்.

சிங்கப்பூருக்குக் கிழக்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அது நிற்கும் பாறைக்குப் பெத்ரா பிராங்கா என்று பெயர், ஒரு கால்பந்து மைதானம் அளவுகூடத் தேறுமா என்று நினைக்கும்படி இருக்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்காக மூணு பத்தாண்டு வழக்காடி, 2008-ல் சர்வதேச நீதிமன்றம் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. விளக்கை ஏற்றிப் பராமரித்து வந்தவன் யார், மற்றவன் அத்தனை வருஷம் வாய் திறக்காமல் ஏன் இருந்தான் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வந்தது. பக்கத்துப் பாறையை மலேசியாவுக்குக் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அதே மலேசியா, அதே சிங்கப்பூர், கூட இந்தோனேசியா, அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2004-ல் மலாக்கா நீரிணையில் கொள்ளையரைப் பிடிக்கச் சேர்ந்து ரோந்து ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் அந்த நீரிணைக்குள் நுழைந்தால் எங்களுக்கு உயிர் கையில் இருக்காது, டெக்கைச் சுற்றித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ராத்திரி முழுக்க முறை வைத்து விழித்திருப்போம். ரோந்து வந்தபிறகு அது எவ்வளவு குறைந்தது என்பதை நான் உடம்பில் உணர்ந்தேன். எல்லைத் தகராறு தீர்ந்தபிறகுதான் ஒழுங்கு வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை தம்பிகளா. தாய்லாந்தும் மலேசியாவும் 1979-லேயே, கோடு எங்கே என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, நடுவில் கிடக்கும் எரிவாயுவைச் சேர்ந்து எடுப்போம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அது இன்னமும் ஓடுகிறது.

நெல்லைச் சீமை

எரிவாயு குழாயில் வரும் அண்ணாச்சி, அளந்து பங்கு போடலாம். கொள்ளைக்காரன் எல்லாருக்கும் பொது எதிரி, சேர்ந்து விரட்டலாம். மீன் அப்படியா? இன்றைக்கு நான் பிடிக்காவிட்டால் நாளைக்கு அவன் பிடிப்பான் என்ற பயம்தானே இரண்டு கரையிலும்? அந்த இடத்தில் உங்கள் ஒழுங்கு நிற்குமா?

பாளை சட்டக்கல்லூரி

நின்றிருக்கிறது, அதுவும் சீனாவோடு. டோங்கின் வளைகுடாவில் வியட்நாமும் சீனாவும் 2000-ல் கோடு போட்டார்கள், அதே நாளில் மீன்பிடி ஒப்பந்தமும் போட்டார்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சக் கடலைப் பொதுவாக ஒதுக்கி, இரண்டு நாட்டுப் படகும் வரலாம், எத்தனை படகு என்பதைக் கூட்டுக் குழு முடிவு செய்யும் என்று வைத்தார்கள். மீனுக்கான ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் கோட்டையும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் இருந்து, 2004-ல் இரண்டையும் சேர்த்து அமலாக்கினார்கள். பொதுக் கடல் ஏற்பாட்டுக்குக் காலக்கெடு இருந்தது, 2020-ல் அது முடிந்துவிட்டது, கோடு நிற்கிறது. பாக் நீரிணையில் நாம் செய்தது தலைகீழ். 1974-ல் கோட்டைப் போட்டோம். மீனவர்கள் முன்போலக் கச்சத்தீவுக்குப் போய் வரலாம் என்று ஐந்தாவது பிரிவில் எழுதினோம். அது வலை காயவைக்கவும் அந்தோணியார் திருவிழாவுக்குமா, மீன் பிடிக்கவுமா என்று தெளிவாக எழுதவில்லை. 1976-ல் கடிதம் மூலம், ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினோம். எத்தனை படகு, எந்த மாதம், எந்த வலை, ஒன்றும் இல்லை. வாத்தியார் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. தெற்கே வாட்ஜ் பேங்க்குக்கு மட்டும் ஆறு படகு, 2000 டன், மூன்று வருஷம் என்று எண்ணிக்கை போட்டு, வெளியேறக் காலமும் கொடுத்தார்கள். அது முடிந்தது. வடக்கே எண்ணிக்கையே இல்லை, முடியவும் இல்லை.

மன்னார்ப் பிள்ளை

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், பிறந்தது மன்னார். சித்தப்பா பேசாலையில் இன்னும் தொழிலுக்குப் போகிறார். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கச்சத்தீவு, கச்சத்தீவு என்று இங்கே எல்லாரும் சொல்கிறபோது எனக்கு ஒன்று தோன்றும். அந்தத் தீவைத் திருப்பிக் கொடுத்தால் சண்டை நின்றுவிடுமா? படகுகள் அதைத் தாண்டி நெடுந்தீவு, யாழ்ப்பாணக் கரைப் பக்கம்தானே வருகின்றன? போர்க் காலத்தில் எங்கட ஆட்களைக் கடலுக்குப் போகவே விடவில்லை. அந்த வருஷங்களில் இங்கேயிருந்து இழுவைப் படகுகள் வந்து பழகிவிட்டன. 2009-க்குப் பிறகு எங்கட சனம் கடன் வாங்கி வலை வாங்கித் திரும்பக் கடலுக்குப் போனது. ஒரு ராத்திரியில் சித்தப்பாவின் வலை போனது. உவரி அண்ணா எழுதியிருக்கிறதைப் படித்ததும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், சித்தப்பா போனில் சொன்னதும் அதே வார்த்தைதான், "காலையில் பாதிதான் இருந்தது."

இங்கேயுள்ள மீனவனை இலங்கைக் கடற்படை சுடுவதும் அடிப்பதும் பெரிய அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அந்தக் குடும்பங்களோடு சேர்ந்துதான் நானும் அழுகிறேன். ஆனால் எங்கட பக்கத்தில் நிற்கிறவனும் தமிழ் பேசுகிற ஏழை மீனவன். அவன் கேட்பது கோட்டை இல்லை, கடலடியைச் சுரண்டுகிற அந்த இழுவைமடி வலை வேண்டாம் என்பதைத்தான். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது, இலங்கைப் படகுக்கும் சேர்த்துத்தான்.

உவரிக்கரை

தங்கச்சி, நீங்கள் எழுதினது மனசைப் பிசைகிறது. உங்க சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், இங்கே ஒருத்தனுக்கு அவர் கஷ்டம் புரியும் என்று.

இழுவைமடி வைத்திருக்கிறவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1950-களில் நார்வேக்காரன் உதவியோடு கேரளாவில் ஆரம்பித்து, இறாலுக்கு வெளிநாட்டில் விலை இருக்கிறது, எஞ்சின் போடு, மடியை இழு என்று கடன் கொடுத்துப் பழக்கியது அரசாங்கம்தான். இப்போது அதே ஆளிடம் விடு என்றால் அவன் கடனை யார் கட்டுவது? 2017-ல் பாக் நீரிணை விசைப்படகை எல்லாம் ஆழ்கடல் சூரைப் படகாக மாற்றுவோம் என்று திட்டம் வந்தது, 2000 படகு என்றார்கள். கொடுத்தது அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆழ்கடலுக்குப் போவது வேறு தொழில், குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரன் மாதிரி நாள்கணக்காக வெளியே கிடக்க வேண்டும், தூண்டில் வேறு, பனிக்கட்டிச் செலவு வேறு, ஒரு நாள் போய்த் திரும்பினவனுக்கு அது ஒரே வருஷத்தில் கைக்கு வராது. அப்படிப் போகிறவனுக்கும் கோடு காத்திருக்கிறது. 2023-ல் தூத்துக்குடிப் பக்கத்துத் தருவைகுளம் படகு ஒன்றை மாலத்தீவு பிடித்து, இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. நம்ம கரையில் எத்தனை குடும்பம் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தாலும் அந்தப் பணம் வராது.

கப்பல் அண்ணாச்சி (தூத்துக்குடி)

நம்ம முத்துக்குளிப்பை யாரும் சொல்லவில்லையே. எந்த வருஷம் குளிக்கலாம், எத்தனை தோணி, எத்தனை நாள் என்று சிப்பியை எடுத்துப் பார்த்துத்தான் அறிவிப்பார்கள், இரண்டு கரையிலும் அதே முறை. தூத்துக்குடியில் கடைசியாக 1961-ல் குளித்தார்கள். நான் அப்போது சின்னப் பையன். அப்புறம் பாரில் சிப்பியே தேறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள், யாரும் அதற்காக ஆயுதம் தூக்கவில்லை. சிப்பி இல்லையென்றால் இறங்கக் கூடாது என்ற புத்தி இந்தக் கடலுக்குப் புதுசு இல்லை என்று சொல்ல வந்தேன்.

நெல்லைச் சீமை

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் சட்டம் படிக்கிற தங்கச்சியிடம் ஒரு கேள்வி. கச்சத்தீவை வழக்குப் போட்டு மீட்க முடியுமா, முடியாதா? தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பாளை சட்டக்கல்லூரி

நம்ம உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறது, அது நம்ம அரசியல் சட்டத்தைப் பற்றியது. இலங்கையை அது கட்டுப்படுத்தாது. சர்வதேசச் சட்டத்தில், காலம் மாறிவிட்டது என்ற காரணத்தைக் காட்டி எல்லை ஒப்பந்தத்தை விட்டு விலக முடியாது, ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கை 62-வது பிரிவு அதைத் தனியாகவே விலக்கி வைத்திருக்கிறது. நான் கேட்டுப் பெற நினைப்பது வேறு. பிலிப்பைன்ஸ் தீர்ப்பில் பேப்பர்களில் அதிகம் வராத ஒரு பகுதி உண்டு. தென்சீனக் கடலில் இருக்கும் ஸ்கார்பரோ திட்டு யாருடையது என்று மன்றம் சொல்லவே இல்லை. ஆனால் அதைச் சுற்றின கரையோரக் கடலில் பிலிப்பைன்ஸ் மீனவரும் சீன மீனவரும் வியட்நாம் மீனவரும் பரம்பரையாகத் தொழில் செய்து வந்திருக்கிறார்கள், யார் கையில் திட்டு இருந்தாலும் அந்தத் தொழிலைத் தடுக்கக் கூடாது, சீனா தடுத்தது தவறு என்று சொன்னது. அதே சமயம் மன்றம் பேசியது பழைய முறையில், கைத்தொழிலாகப் பிடிப்பதைத்தான். பெரிய எஞ்சின் வைத்து அள்ளுவதை இல்லை. உவரி அண்ணாச்சி வள்ளத்துக்கும் பேசாலைச் சித்தப்பா படகுக்கும் அந்த வாதத்தில் இடம் இருக்கிறது. இழுவைமடிக்கு இல்லை. நாம் எதைக் கேட்கிறோம் என்பதை இங்கேயே முதலில் முடிவு செய்துவிட்டு அங்கே போய்க் கேட்க வேண்டும்.

2014-ல் ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரண்டு பக்க மீனவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசினார்கள். நம்ம பக்கம் இழுவைமடியை விட மூணு வருஷ அவகாசம் கேட்டது, அவர்கள் உடனே நிறுத்துங்கள் என்றார்கள், அதோடு போனது. 2016-ல் அரசாங்க அளவில் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். மூணு வருஷம் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டிருந்தால்கூட அது எப்போதோ முடிந்திருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உவரிக்கரை

எங்க பக்கம் எப்படித் தீர்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், வாத்தியார் வகுப்பில் சொல்லலாம். வலையை அறுத்த படகைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து விடுவோம். அது சரியில்லை, அடிதடி ஆகிவிடும், எங்க வீட்டிலேயே அம்மா பயந்து நடுங்குவார். ஆனாலும் அப்புறம் இரண்டு ஊர்க் கமிட்டியும் ஓரிடத்தில் உட்காரும். வலைக்கு இவ்வளவு, இனிமேல் விடிந்தபிறகு போய் ராத்திரிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும், தங்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். சில வருஷம் நிற்கும், மறுபடி மீறுவார்கள், மறுபடி உட்காருவோம். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்தை விசைப்படகு எல்லாம் ஒரே மாதிரி மதிக்கிறது. எல்லாரும் நிறுத்துகிறார்கள், யாரும் முந்தவில்லை என்று கண்ணால் பார்க்கிறதால்தான் அது நிற்கிறது. அந்தப் பக்கமும் அதே நாட்களில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இன்னொன்று. 1976-ல் நமக்கு வந்த அந்தத் தெற்கு மீன்மேட்டுப் பக்கம் இப்போது எண்ணெய் தேட ஏலம் விட்டிருக்கிறார்கள், குமரிக்கரையில் அதை எதிர்த்துப் போராடுகிறார்கள். கோடு போட்டபோதும் எங்களைக் கேட்கவில்லை, கோட்டுக்கு உள்ளே துளை போடும்போதும் கேட்கவில்லை. பையனிடம் இதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

ராதாபுரத்து வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. வரைபடத்தை நானே பெரிய தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன், 1974 கோடு ஒரு நிறம், 1976 கோடு ஒரு நிறம். நம்ம கரையோரத்து நாட்டுப்படகு எல்லையையும் மூன்றாவது நிறத்தில் போடப் போகிறேன், பாடப்புத்தகத்தில் அது இல்லை.

மன்னார்த் தங்கச்சி, ஒரு உதவி. உங்க சித்தப்பா பத்து நிமிஷம் போனில் வகுப்போடு பேசுவாரா? உவரி அண்ணாச்சியை நேரில் வரச்சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

மன்னார்ப் பிள்ளை

கேட்டுவிட்டேன் அண்ணா. விடிய முதல் வந்துவிடுவாராம், மீன் ஏலம் முடிய ஒன்பது மணி ஆகும், அதற்குப் பிறகு என்றால் பேசுவார். உவரி அண்ணாவும் அன்றைக்கு அங்கே இருந்தால் அவரோடு பேச வேண்டும் என்று சொன்னார், எத்தனை அங்குலக் கண்ணி வலை போடுகிறார் என்று கேட்கவாம்.

உவரிக்கரை

இருக்கேன்னு சொல்லுங்க தங்கச்சி. கச்சான் காற்று கிளம்பிவிட்டது, இந்த வாரம் கடலுக்குப் போக முடியாது. வியாழக்கிழமை வருகிறேன், வலைத்துண்டு ஒன்றையும் கையில் எடுத்துவருகிறேன்.